வீட்டுக்கு ஒரு ஐந்தொகை

திருநெல்வேலி டவுனில் ஒரு ஹார்டுவேர் மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பதினாறு வருஷமாகிறது. கடைக் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் அது எங்கே போனது என்று பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், அந்த ஒரு ரூபாய்க்காக கடைசி பஸ்ஸை விட்ட நாட்களும் உண்டு. இந்த லட்சணத்தில் என் சொந்த வீட்டுக் கடன் எவ்வளவு என்று 2019 ஆனி மாதம் வரை எனக்குத் தெரியாது. சும்மா ஒரு மனக்கணக்கு இருந்தது, இரண்டரை லட்சம் இருக்கும் என்று. என் வீட்டுக்காரர் மனசில் இருந்தது இரண்டு லட்சம். இரண்டும் தப்பு.

நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் அன்று கடை லீவு. கூட்டத்துக்குப் பயந்து டவுன் பக்கமே போகாமல் பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தேன். பதினோரு மணி இருக்கும், பைக்கில் ஒரு பையன் வந்து நின்றான். இருபத்திரண்டு வயசுகூட இருக்காது, நெற்றியில் திருநீறு, கையில் நீளவாக்கில் மடித்த ஒரு சிட்டை நோட்டு. "அக்கா, அண்ணன் இல்லையா? ரெண்டு நாள் விட்டுப்போச்சு, இன்னைக்கோட மூணு. அறுநூறு ரூவா" என்றான். என்ன அறுநூறு என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "தண்டல் அக்கா" என்றான். தினமும் வந்து வசூல் பண்ணுகிற வட்டிக் கடன்.

அறுநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் மனுஷன் வரட்டும், ஒரு கை பார்ப்போம் என்று கறுவிக்கொண்டிருந்தேன். ஆனால் நேரம் ஆக ஆக எனக்கே ஒரு விஷயம் உறைக்க ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு அக்காவிடம் மூணு வட்டிக்கு, அதாவது நூறுக்கு மாசம் மூணு ரூபாய்க்கு, இருபதாயிரம் வாங்கி வைத்திருந்தேன், மாசம் அறுநூறு ரூபாய் வட்டி, அது அவருக்குத் தெரியாது. பதினான்கு மாதமாகத் தெரியாது. அவர் மறைத்ததும் நான் மறைத்ததும் ஒரே அறுநூறு, அவருடையது மூன்று நாளைக்கு, என்னுடையது ஒரு மாசத்துக்கு. சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ராத்திரி சோறு போட்டுவிட்டு, "தண்டல்காரப் பையன் வந்தான்" என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல" என்றார். பயம் என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை என்று சொல்லி ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடும் அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார், நாலு பேருமே பிழைக்கவில்லை. நான் தினமும் வேலைக்குப் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். அதற்கப்புறம் எத்தனையோ நாள் அந்த இடம் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கிறேன். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தாயிற்று, மீட்டர் வட்டியும் தண்டலும் அந்தச் சட்டத்துக்குள் பேர் சொல்லியே இருக்கின்றன. சட்டம் பாட்டுக்கு இருக்கும், அவசரத்துக்கு இருபதாயிரம் தேவைப்படுகிறவன் பாட்டுக்குக் கையெழுத்துப் போடுவான்.

"சரி, என்னுதும் ஒண்ணு இருக்கு" என்று மூணு வட்டிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவரே எழுந்து போய் போன வருஷத்து மாதக் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். "ஏளா, நீதான் ஊருக்கெல்லாம் ஐந்தொகை போடுதியே, நமக்கும் ஒண்ணு போடேன்" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ஐந்தொகை என்றால் ஒரு பக்கம் கடன், இன்னொரு பக்கம் சொத்து. காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தேன்.

கடன் பக்கம் முதலில் வந்தது வண்டி. 2016 ஆவணியில் பழைய குட்டியானை லோடு வண்டி ஒன்றை வாங்கினோம். ஃபைனான்ஸில் 2,40,000, நாற்பத்தெட்டு மாதம், மாதம் 7,600. "வட்டி 13 பர்சன்ட்தான் அண்ணே" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், நானும் தலையாட்டினேன், கணக்கு எழுதுகிறவள்! அது ஃபிளாட் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும், ஆனால் வட்டியை மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு 2,40,000-க்குமே போடுவார்கள். குறையும் அசலுக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 13 கிட்டத்தட்ட 22 ஆகிறது. நம் ஊர்க் கணக்கில் இரண்டு வட்டிக்குக் கொஞ்சம் குறைவு. வண்டி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். கட்டட வேலை நின்றது, செங்கல் லோடு நின்றது, சிமெண்ட் லோடு நின்றது. இரண்டு டியூ விட்டோம். மூன்றாவது டியூவுக்கு என் செயின் போனது. ஆரம்பம் அதுதான். 2019 ஆனியில் பதினாறு டியூ பாக்கி, 1,21,600.

அடுத்தது நகை. மொத்தம் ஒன்பது சவரன், மூன்று இடத்தில். கூட்டுறவு சங்கத்தில் மூன்று சவரன் 48,000, நகைக்கடன் கம்பெனி ஒன்றில் நாலு சவரன் 72,000, அடகுக்கடையில் இரண்டு சவரன் 35,000. பெண்கள் குழு லோன் இரண்டு, பாக்கி 40,400. தண்டல் பாக்கி 11,000. அத்தையின், அதாவது என் மாமியாரின் தம்பி, எங்களுக்கு மாமா, வட்டியில்லாமல் கைமாத்தாகக் கொடுத்தது 25,000. கடை முதலாளி அண்ணாச்சியிடம் சம்பள முன்பணம் 15,000. அந்த மூணு வட்டி 20,000. ஃபிரிட்ஜ் தவணை 6,800. கூட்டினால் 3,94,800. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், இடிக்கவே இல்லை. எங்கள் இரண்டு பேர் வருமானமும் சேர்த்து அப்போது நல்ல மாதத்தில் 27,000.

தண்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எவ்வளவு வட்டி என்று அதை வாங்குகிறவர்களுக்கே தெரியாது. இருபதாயிரம் என்று எழுதுவார்கள், கையில் கொடுப்பது பதினேழாயிரம். நாளுக்கு இருநூறாக நூறு நாள் கட்ட வேண்டும். "மூவாயிரம்தானே, நூத்துக்குப் பதினஞ்சு" என்று அவர் சொன்னார். அப்படி இல்லை. அந்தப் பதினேழாயிரம் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் நின்ற பணம் எட்டாயிரத்து ஐநூறுதான். அதற்கு மூன்று மாதம் பத்து நாளில் மூவாயிரம் வட்டி. மாதத்துக்குப் பத்து வட்டிக்கு மேலே! இதைப் பேனாவால் போட்டுக் காட்டியதும் அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து மறுபடி தானே போட்டுப் பார்த்தார்.

அப்படியானால் முதலில் தண்டலை அடைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும், அவருக்கும் தோன்றியது. வேண்டாம் என்றேன். தண்டலில் வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டாயிற்று. இன்றைக்கு மொத்தமாக 11,000 கட்டினாலும் ஒரு ரூபாய் குறைக்கமாட்டான், சீக்கிரமே பணம் திரும்பிய லாபம் அவனுக்குத்தான். அதனால் இருநூறு இருநூறாகவே ஐம்பத்தைந்து நாள் கட்டி முடிப்பது, முடிந்த அன்றைக்கு "அண்ணே, புதுசு போட்ருவமா?" என்று பையன் கேட்பான், அப்போது வேண்டாம் என்று சொல்வது. அவ்வளவுதான். வண்டிக் கடனும் கிட்டத்தட்ட இதே கதை, முன்கூட்டி முடித்தால் அதற்கு வேறு ஒரு கட்டணம் கேட்பார்கள். மாதாமாதம் உயிரோடு வட்டி ஏறிக்கொண்டிருந்தது மூணு வட்டியும், நகைக்கடன் கம்பெனியும், அடகுக்கடையும். கையில் கிடைக்கிற ஒவ்வொரு ரூபாயும் அங்கேதான் போக வேண்டும்.

ஆனால் அந்த ரூபாய் எங்கிருந்து வரும்?

தாளின் மறுபக்கத்தில் சொத்து என்று எழுதி, அதன் கீழே நகை, வண்டி என்று போட்டேன். அன்றைக்கு சவரன் 25,000-க்கு மேலே. கம்பெனியில் இருந்த நாலு சவரனை மட்டும் எடுத்துக்கொண்டால் லட்ச ரூபாய் மதிப்பு, அதன் மேல் கடன் 72,000. வட்டியை ஒழுங்காகக் கட்டினால் ஒரு கணக்கு, மூன்று மாதம் தவறினால் இன்னொரு கணக்கு என்று வைத்திருந்தார்கள், நாங்கள் எப்போதும் தவறுகிற கூட்டத்தில்தான், 24 வரைக்கும் போய்விடும். வருஷத்துக்குப் பதினேழாயிரத்துக்கு மேல் வட்டி. முடியாதபோது வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்போம், விலை ஏறியிருந்தால் கூடக் கொஞ்சம் வாங்கிக்கொள்வோம். என் கழுத்தில் ஒரு நாளும் கிடக்காத செயினுக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். "இதை வித்திருவோம்" என்றேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "ஏட்டி, வீட்ல எதும் பிரச்சினையா?" விற்பது என்றால் அவளுக்கு அப்படி. முக்கூடலில் தட்டை மடியில் வைத்து பீடி சுற்றி, விரல் நுனி காய்த்துப்போய், அந்தக் காசில் சேர்த்த நகை அது. அடகில் இருக்கிறது என்றால் வெளியே சொல்லிக்கொள்ளலாம், "வச்சிருக்கு, திருப்பணும்" என்று. விற்றுவிட்டோம் என்று சொல்ல வாய் வராது. மூழ்கிப்போனால்கூட அது விதி, விற்றால் அது நம் குற்றம். நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, எனக்கும் அது இருந்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டு, "ஒனக்குத்தானே போட்டேன், நீ என்னமும் செய்" என்றாள். அதில் சம்மதம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அடகில் இருக்கிற நகையை விற்க வேண்டுமென்றால் முதலில் மீட்கப் பணம் வேண்டும். அதை மீட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று சுவர் முழுக்க விளம்பரம் எழுதியிருக்கிறார்கள், விசாரித்தேன், நம் அவசரத்தைப் பார்த்து விலையில் நன்றாகவே கிள்ளுவார்கள். அதனால் அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "76,300 ரூவா வேணும் அண்ணாச்சி. சாயங்காலம் நாலு மணிக்குத் தந்திருதேன்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாலு மணிக்கா, நாலு மாசத்துலயா?"

விஷயத்தைச் சொன்னேன். கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்துவிட்டு, "குமாஸ்தாவைக் கூடக் கூட்டிட்டுப் போ, அவ்வளவு ரூவாயோட ஒத்தைல போகாத" என்றார். கம்பெனியில் பணத்தைக் கட்டியதும், நகை மூன்று மணிக்கு மேல்தான் லாக்கரிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம். எனக்கு அண்ணாச்சியின் நாலு மணிதான் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சின்னத் துணிப்பை வந்தது, அரக்கு வைத்த நூல், அதில் என் கையெழுத்துப் போட்ட அட்டை. பிரித்தால் முறுக்குச் செயினும் இரண்டு வளையலும், இரண்டரை வருஷமாக வெளிச்சமே படாமல் ஒரு மங்கலாக இருந்தது. கீழ ரத வீதியில் நகைக்கடைக்காரர் எடை போட்டு, கழிவு பிடித்து, 97,000 என்றார். நான் இரண்டாவது கடை ஏறவில்லை, நேரம் இல்லை. ஏறியிருக்க வேண்டும். அண்ணாச்சி கையில் பணம் போனபோது நாலரை. "அரை மணி லேட்டு, வட்டி போடவா?" என்று கேட்டுச் சிரித்தார். மிச்சம் 20,700. அதே கையோடு இருபதாயிரத்தைக் கொண்டுபோய் மூணு வட்டி அக்காவிடம் கொடுத்து, எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டைத் திருப்பி வாங்கிக் கிழித்தேன். ஒரே நாளில் மாதம் இரண்டாயிரம் ரூபாய் வட்டி நின்றது.

இதில் ஒன்றை ஒளிக்கக்கூடாது. அடுத்த வருஷம் 2020 ஆகஸ்ட்டில் சவரன் 40,000-க்கு மேலே போயிருந்தது. அதற்குப் பிறகு விலை போன போக்கு உங்களுக்கே தெரியும். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது ஒருத்தி, "அன்னைக்கு வித்தது இன்னைக்கு இருந்தா..." என்று ஆரம்பிப்பாள். விலையை மட்டும் பார்த்தால் அவள் சொல்வது சரி. ஆனால் அந்த நாலு சவரன் இன்றைக்கு வரைக்கும் எங்களிடம் இருந்திருக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறாள்? நாங்கள் போய்க்கொண்டிருந்த போக்குக்கு அது 2020-லேயே மூழ்கியிருக்கும்.

தண்டல் முடிந்ததும் அந்த நாளுக்கு இருநூறை நிறுத்தவில்லை. தண்டல்காரப் பையனுக்குப் பதிலாக அலமாரியில் ஒரு எவர்சில்வர் டப்பா. மாதம் ஆறாயிரம் அடகுக்கடைக்குப் போனது, அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, 2020 மாசியில் இரண்டு சவரன் வீட்டுக்கு வந்தது. அடுத்த மாதமே ஊரடங்கு. கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த டப்பாதான் எங்களைக் காப்பாற்றியது என்று எனக்கு ஒரு எண்ணம். லோடு வண்டிக்காரர் வருமானம் தினமும் வருவது, ஒரு நாள் ஆயிரத்து இருநூறு, ஒரு நாள் இருநூறு, ஒரு நாள் ஒன்றுமில்லை. ஆனால் கட்ட வேண்டியதெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை வருவது. ஆயிரத்து இருநூறு வந்த நாளில் கறி எடுப்போம், பிள்ளைக்கு ஏதாவது வாங்குவோம், ஐந்தாம் தேதி வந்தால் டியூவுக்குக் கை நீட்டுவோம். தண்டல்காரனுக்குத் தினமும் கொடுக்க முடிந்த மனுஷனால் தன் வீட்டு டப்பாவுக்குத் தினமும் கொடுக்க முடியாதா? லோடு உண்டோ இல்லையோ முதலில் வண்டிக்கு 350, மிச்சம்தான் வீட்டுக்கு. சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் பேங்கில் போடுவது என் வேலை. இரண்டு பேரும் மாறி மாறி டப்பாவில் கை வைத்த வாரங்களும் உண்டு, அதையும் நோட்டில் எழுதினோம், அவர் பேரில் 400, என் பேரில் 250 என்று.

அப்புறம் எதிர்பாராத செலவு. கடன் வாங்கியதற்கெல்லாம் நாங்கள் சொன்ன காரணம் அதுதான். பழைய நோட்டுகளைப் புரட்டினால் என்ன இருந்தது? வண்டி இன்சூரன்ஸ், வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி., ஜூன் மாத ஸ்கூல் ஃபீஸ், தீபாவளி, ஆடி மாதம் அவர் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழா. இதில் எது எதிர்பாராதது? சுடலைமாடன் எந்த வருஷம் சொல்லாமல் வந்தார்? எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதம் இவ்வளவு என்று தனிக் கணக்கில் போட ஆரம்பித்த பிறகு, உண்மையிலேயே எதிர்பாராதது என்று வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியது.

செலவைக் குறைக்கிறேன் என்று முதலில் நான் கை வைத்தது அவர் டீயில். நாளுக்கு நாலு டீ, நாற்பது ரூபாய். இரண்டாக்குங்கள் என்றேன். ஒரு மாதத்தில் அறுநூறு ரூபாய் மிச்சமானது, ஆனால் அந்த ஒரு மாதம் வீட்டில் யாரும் யாரோடும் சுமுகமாகப் பேசவில்லை. விட்டுவிட்டேன். டீக்காசு மிச்சம் பிடித்துக் கோடீஸ்வரர் ஆகலாம் என்று வீடியோ போடுகிறவர்கள் ஒரு மத்தியானம் செங்கல் லோடு இறக்கிவிட்டு வந்து பேசட்டும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. 2018-இல் நாங்கள் விசேஷ வீடுகளில் வைத்த சுருள், அதாவது மொய், மட்டும் 23,500. பதினோரு கல்யாணம், நாலு சடங்கு, மூன்று பால்காய்ப்பு. கொடைக்கு வரி மூவாயிரம், வந்த சொந்தத்துக்கு ஆக்கிப்போட்டது ஒன்பதாயிரம். அவருடைய அக்காமார் இரண்டு பேருக்குப் பொங்கப்படி, பொங்கல் சீர், ஆறாயிரம். மொத்தம் 41,500, எங்கள் ஒன்றரை மாத வருமானத்துக்கு மேலே. ஒருத்தருக்கும் தெரியாமல் கடன் வாங்கி ஊருக்கெல்லாம் தெரியும்படி செய்திருக்கிறோம்.

சுருளைக் குறைக்கலாம் என்றதும் அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "நமக்கு வச்சவாளுக்கு நாம வைக்காண்டாமா? நோட்டு இருக்குல்லா" என்றார்கள். அது நியாயமான பேச்சு, சுருள் நோட்டில் இருப்பதும் ஒரு கடன்தான், வாங்கியதைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் நாங்கள் திருப்பிக் கொடுக்கும்போது எப்போதும் கூட வைத்துக்கொண்டிருந்தோம், அவர்கள் ஐநூறு வைத்திருந்தால் நாங்கள் ஆயிரம். அத்தையும் நானும் நோட்டை எடுத்து உட்கார்ந்து, வைத்தவர்களுக்கு வைத்த அளவு, வைக்காதவர்களுக்கு நேரில் போய்ப் பந்தியில் ஒரு கை பிடித்துப் பரிமாறிவிட்டு வருவது என்று முடிவு செய்தோம். அத்தை பாதி மனசோடுதான் ஒத்துக்கொண்டார்கள்.

பொங்கப்படியைக் குறைப்பதுதான் எனக்கு நடுக்கமாக இருந்தது. பிறந்த வீட்டுப் படி என்பது பெண்களுக்குக் காசு கணக்கு இல்லை, தெருவில் நாலு பேர் பார்க்க வந்து இறங்க வேண்டும். 2020 பொங்கலுக்கு முந்தின வாரம் அவருடைய மூத்த அக்கா, பெரிய மைனி வீட்டுக்கு நானே போனேன். அடுக்களையில் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். "மைனி, இந்த வருஷம் கரும்பு, மஞ்சக்கொலை, ஒரு தார் பழம், நூத்தியொரு ரூவா. அவ்வளவுதான் முடியும்" என்று கண்ணைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். கிழங்கின் நாரைக் கிழித்துக்கொண்டே, "ஏளா, இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்த?" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க படி வந்தா நான் ஒங்க பிள்ளைக்குத் திருப்பிச் செய்யணும்லா. போன வருஷம் அந்தக் கொலுசுக்கு நான் குழுவுலதான் எடுத்தேன்" என்றார்கள். நாங்கள் கடன் வாங்கி அவர்களுக்குச் செய்ய, அவர்கள் கடன் வாங்கி எங்களுக்குச் செய்ய, இரண்டு வீட்டு வட்டியும் மூன்றாவது ஆளுக்குப் போயிருக்கிறது. சின்ன மைனி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லை.

குழு லோனை அதிகம் சொல்லப் போவதில்லை. வாராவாரம் தலைவி வீட்டில் கூட வேண்டும், பத்துப் பேரில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது. ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அப்படி உட்கார்ந்திருக்கிறோம், வராதவளைத் திட்டிக்கொண்டு. அவள் வீட்டில் என்ன நிலைமை என்று ஒருத்தியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரிசர்வ் வங்கி 2022-இல், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று நுண்கடன் கொடுக்கிறவர்களுக்கு விதி வைத்தது. 2019-இல் எங்கள் வீட்டுக்கு அந்த விதியைப் போட்டிருந்தால் இரண்டாவது குழு லோன் கிடைத்தே இருக்காது. அன்றைக்கு அவர்களைத் திட்டியிருப்பேன்.

ஊரடங்கில் ஏப்ரல் முழுக்க வண்டி நின்றது. மூன்று மாதம் டியூ கட்டாமல் விடலாம் என்று சலுகை வந்தபோது எடுத்துக்கொண்டோம், வேறு வழியில்லை. அது தள்ளிவைப்பு, தள்ளுபடி இல்லை, பாக்கி அசலுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருந்து கடைசியில் 2,800 ரூபாய் போலக் கூட வந்தது. மே மாதத்திலிருந்து நயினார்குளம் மார்க்கெட் காய்கறி ஏற்ற ஆரம்பித்தார், முன்னைவிட நல்ல ஓட்டம். 2021 ஜனவரியில் வண்டிக் கடன் முடிந்தது. முடிந்ததும் தடையின்மைச் சான்று வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் ஃபைனான்ஸ் பேரை நீக்க வேண்டும். பல பேர் கடனை முடித்த சந்தோஷத்தில் இதை விட்டுவிட்டு, வண்டியை விற்கப் போகும்போது அலைவார்கள்.

மாசியில் கூட்டுறவு சங்கத்து மூன்று சவரனையும் மீட்டோம். அதே வருஷம் கூட்டுறவு சங்கங்களில் ஐந்து சவரன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள், மார்ச் 31 வரை பாக்கி இருந்த கடனுக்கு. நாங்கள் ஒரு மாதம் முந்திவிட்டோம். அவர் அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, நானும்தான். "ஒழுங்காக் கட்டுனவன் கிறுக்கன்" என்று விடியற்காலையில் சொன்னார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைசியாக நின்றது மாமாவின் 25,000. வட்டியில்லாத கடன் கடைசியில் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் மாமா 2018-இல் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தவர். வட்டிக்குக் கொடுத்த ஒவ்வொருத்தருக்கும் ஓடி ஓடிக் கட்டிவிட்டு, வட்டி கேட்காத மனுஷனை மூன்றரை வருஷம் காக்க வைத்தோம். இடையில் அவருக்குக் கண் ஆபரேஷன், எங்களிடம் கேட்கவில்லை, வேறு யாரிடமோ வாங்கியிருக்கிறார், பிறகுதான் தெரிந்தது. வீட்டுப் பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டார். 2022 தையில் இரண்டு பேருமாகப் போய்க் கொடுத்தோம். எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிக்கியளா?" என்று மட்டும் கேட்டார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதால் மிச்சமான பஸ் காசை மகள் பேரில் போஸ்ட் ஆபீஸ் செல்வமகள் கணக்கில் போடுகிறேன். பத்து வயசு முடிவதற்குள் கணக்கைத் தொடங்கிவிட வேண்டும், எங்கள் பிள்ளைக்கு அப்போது ஒன்பது. நினைத்தவுடன் எடுக்க முடியாது, எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

2023 டிசம்பர் 17, 18 மழை திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிந்துபூந்துறையில் ஒரு நண்பர் வீட்டு முன்னால் நின்ற வண்டிக்குள் தாமிரபரணி ஏறிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் சீட் உயரத்துக்குச் சேறு. இன்ஜினைப் பிரித்து, வயரிங் மாற்றி, 38,500 என்றார் மெக்கானிக். வண்டிக் கணக்கில் 46,000 இருந்தது. அவர் கார்டைத் தேய்த்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "ஏளா, யார்ட்டயும் போய் நிக்கல, பாத்தியா" என்றார். நோட்டில் நான் எழுதியது: வண்டி, ஆத்துத் தண்ணி, 38,500. இருப்பு 7,500.

நோட்டு இப்போதும் ஓடுகிறது, இது ஆறாவது. வரும் ஆவணிக்கு மூன்று கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. நேற்று ராத்திரி மூன்றுக்கும் சுருள் 500 என்று எழுதி வைத்தேன். காலையில் பார்த்தால் ஒன்றை மட்டும் பென்சிலால் அடித்து 2,000 என்று மாற்றியிருக்கிறார். மாமாவின் பேத்தி கல்யாணம். நான் அதன் மேல் பேனாவால் எழுதினேன்.